எர்ப்ரோபுங்ஸ்கொமாண்டோ 16: ராக்கெட் விமானத்தைப் பழக்க முயன்ற படைப்பிரிவு

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படை வைத்திருந்த சோதனை, பயிற்சிப் பிரிவுகள் உண்மையில் என்ன வேலை செய்தன? 'கோமெட்' என்ற மெஸ்ஸர்ஷ்மிட் மெ 163 ராக்கெட் விமானத்துக்கென்றே 1942இல் அமைத்த எர்ப்ரோபுங்ஸ்கொமாண்டோ 16 என்ற சோதனைப் பிரிவு மூன்று வருடம் உழைத்தும், அந்த விமானம் ஏன் கடைசிவரை கைக்கு அடங்கவில்லை?

பெரும்பாலும் எஞ்சினைத்தான் குற்றம் சொல்வார்கள். எஞ்சின் தாமதமாக வந்ததும், நடுவானில் அணைந்ததும் உண்மைதான். ஆனாலும் ஆளைக் கொன்றதும் நாளைத் தின்றதும் எஞ்சின் ஓடிய அந்தச் சில நிமிடங்கள் அல்ல. எரிபொருள் நிரப்புவது, கழன்று விழும் சக்கரத்தில் கிளம்புவது, எஞ்சின் நின்றபின் கிளைடராக இறங்குவது ஆகிய முன்பின் வேலைகள்தான். ஈகே 16 என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தப் பிரிவின் வரலாறு பெரும்பாலும் தரையில் நடந்த வரலாறு.

முதலில் அமைப்பைப் பார்த்துவிடலாம். புதிய விமானம் ஒன்று ஜெர்மன் விமானப்படைக்குள் நுழைய மூன்று வகைப் பிரிவுகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ரெஹ்லின், பேனமுண்டே-வெஸ்ட் போன்ற சோதனை நிலையங்கள் விமான அமைச்சகத்தின் கீழ் இருந்தன; அங்கே பொறியாளர்களும் தொழில்முறைச் சோதனை விமானிகளும் வேகம், எடை, உறுதி ஆகியவற்றை அளந்தார்கள். லேர்கெஷ்வாடர் என்ற பயிற்சிப் படையணிகள் போர் உத்தியை வகுத்து மற்றவர்களுக்குக் காட்ட வேண்டியவை. ஆனால் போர் தொடங்கியதும் அவற்றைச் சாதாரண முன்னணிப் படையாகவே பயன்படுத்தினார்கள். லேர்கெஷ்வாடர் 1 போரின் பெரும்பகுதியை மத்தியதரைக் கடல் பகுதியில் ஜு 88 குண்டுவீச்சுப் படையாகக் கழித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவை எர்ப்ரோபுங்ஸ்கொமாண்டோக்கள். போர் அனுபவமுள்ள விமானிகள், தொழிற்சாலையிலிருந்து வந்த ஆட்கள், தனி மெக்கானிக்குகள் ஆகியோரைச் சேர்த்து, ஒரே ஒரு விமான வகையைப் பிடித்துக்கொண்டு, அதைச் சாதாரண விமானி ஓட்டும் நிலைக்குக் கொண்டுவருவது இவற்றின் வேலை. எண்ணைப் பார்த்தாலே பல நேரம் விமானம் தெரிந்துவிடும்: 262 என்றால் மெ 262, 152 என்றால் டா 152, 16 என்றால் மெ 163.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஆபத்து இருந்தது. சோதனைக்கென்று சேர்த்த திறமையான விமானிகளைச் சும்மா வைத்திருக்கத் தலைமைக்கு மனம் வராது. 1940 ஜூலையில் மெ 210 விமானத்துக்காக எர்ப்ரோபுங்ஸ்குருப்பே 210 அமைந்தது. மெ 210 வந்தபாடில்லை. பிஎஃப் 109, பிஎஃப் 110 விமானங்களில் குண்டு மாட்டி அவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 12 அன்று தென்கரை ரேடார் நிலையங்களைத் தாக்கினார்கள். ஆகஸ்ட் 15 அன்று க்ராய்டன் தாக்குதலில் தலைவர் வால்டர் ரூபென்ஸ்டோர்ஃபர் இறந்தார். சோதனைப் பிரிவு சோதனையே செய்யாமல் தேய்ந்தது. ஈகே 16க்கு இந்தக் கதி வரவில்லை. மெ 163ஐ அவசரத்துக்கு எடுத்து ஓட்ட முடியாது என்பதே காரணம்.

விமானத்தின் பூர்வீகம் சுருக்கமாக. வாலில்லா விமானங்களில் ஊறிய அலெக்ஸாண்டர் லிப்பிஷ் 1939 ஜனவரியில் தன் குழுவோடு ஆக்ஸ்பர்க் மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்துக்கு வந்தார். எஞ்சின் கீல் நகரத்து ஹெல்முட் வால்டருடையது. 1941 அக்டோபர் 2 அன்று ஹைனி டிட்மார் மெ 163 ஏ மாதிரியை ஓட்டி மணிக்கு 1,000 கிலோமீட்டரைத் தாண்டினார். தானாகக் கிளம்பினால் அந்த வேகம் எட்டுமுன் எரிபொருள் தீர்ந்துவிடும் என்று, பிஎஃப் 110 ஒன்றில் கயிறு கட்டி 4,000 மீட்டர் உயரம்வரை இழுத்துச்சென்று விட்டார்கள். மேக் 0.84, அதாவது ஒலியின் வேகத்தில் 0.84 மடங்கு, அருகே மூக்கு சட்டென்று கீழே குத்தியது; எஞ்சினை அணைத்தபிறகுதான் விமானம் அவர் கைக்கு வந்தது. இந்த 0.84 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

1942 ஏப்ரலில் வோல்ஃப்காங் ஷ்பேட்டே இந்தப் பொறுப்புக்கு வந்தார். ஜேஜி 54 என்ற போர்விமானப் படையணியில் போரிட்டவர், போருக்கு முன்பே கிளைடர் போட்டிகளில் பேர் வாங்கியவர். இந்த விமானம் வானில் இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி கிளைடர்தான் என்பதால் சரியான தேர்வு. அவருடன் ருடோல்ஃப் ஓபிட்ஸ் என்ற இன்னொரு கிளைடர் வல்லுநரும் இருந்தார். இடம் பால்டிக் கரையில் பேனமுண்டே-வெஸ்ட்.

போர்க்களத்துக்கான மெ 163 பி மாதிரியின் முதல் உடற்கூடு 1942 ஜூன் 26 அன்றே எஞ்சின் இல்லாமல் பறந்துவிட்டது. அதில் பொருத்த வேண்டிய வால்டர் 109-509 எஞ்சின் வந்துசேர ஒரு வருடம் ஆயிற்று. எஞ்சினோடு முதல் பி மாதிரியை ஓபிட்ஸ் கிளப்பியது 1943 ஜூனில். நடுவில் எஞ்சினில்லாத உடல்கள் வரிசையாக நின்றன. பிரிவு சும்மா இருக்கவில்லை. இழுவையில் மேலே கொண்டுபோய்விட்டு இறங்கிப் பார்க்கும் சோதனைகளை அந்த வருடம் முழுக்க நடத்தினார்கள்.

இனி விமானத்துக்குள் போவோம், ஏனென்றால் ஈகே 16 செய்த ஒவ்வொன்றும் இதிலிருந்து வருகிறது.

இரண்டு திரவங்கள். டி-ஸ்டாஃப் என்பது 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, கெடாமலிருக்க நிலைப்படுத்தி சேர்த்தது. சி-ஸ்டாஃப் என்பது 57 சதவீதம் மெத்தனால், 30 சதவீதம் ஹைட்ரசீன் ஹைட்ரேட், 13 சதவீதம் தண்ணீர், அதோடு கொஞ்சம் செம்பு உப்பு வினையூக்கி. இரண்டும் தொட்டாலே தீப்பற்றும், தீப்பொறி தேவையில்லை. எஞ்சின் அமைப்பை அது எளிதாக்கியது, மற்ற எல்லாவற்றையும் கஷ்டமாக்கியது.

டி-ஸ்டாஃப் சுத்தமான அலுமினியத்தில் இருக்கும். இரும்புத் துரு, தூசி, எண்ணெய், துணி, தோல் என எது பட்டாலும் சிதையத் தொடங்கும், வெப்பம் கக்கும், பருத்தித் துணியைப் பற்றவைக்கும். சி-ஸ்டாஃபுக்கு அந்த அலுமினியம் ஆகாது. கண்ணாடியோ எனாமல் பூச்சோ வேண்டும். ஆக ஒரே விமானத்துக்கு இரண்டு தனி லாரி, இரண்டு தனி குழாய்த் தொகுதி, இரண்டு தனி ஆட்கள். டி, சி என்ற எழுத்துகளை லாரியிலும் விமானத்தில் நிரப்பும் வாயிலும் பெரிதாக எழுதிவைத்தார்கள். ஒரு லாரி வேலையை முடித்து விலகிப்போன பிறகே மற்றது வரலாம் என்பது கறாரான விதி. நிரப்புவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்: தரையில், வாயைச் சுற்றி, சிந்திய ஒவ்வொரு சொட்டிலும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் தயாராக இல்லாமல் மூடியைத் திறக்கக்கூடாது.

அளவைப் பாருங்கள். டி-ஸ்டாஃப் 1,160 லிட்டர். அதில் 1,040 விமானிக்குப் பின்னால் உள்ள பெரிய டேங்கில். மீதி 120 லிட்டர், அறுபது அறுபதாக, விமானியின் இரு பக்கத்திலும். அதாவது அவர் உட்கார்ந்திருப்பதே அந்தத் திரவத்துக்கு நடுவில். சி-ஸ்டாஃப் 500 லிட்டர் இறக்கைகளில். டி-ஸ்டாஃப் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் மொத்த எடை 2,000 கிலோவை ஒட்டி வரும். வெறும் விமானம் 1,900 கிலோதான். தன் எடைக்குச் சமமான எரிபொருளைச் சுமந்துகொண்டு கிளம்பும் விமானம் இது. முழு விசையான 1,700 கிலோவில் எஞ்சின் விநாடிக்கு 8 கிலோவுக்கு மேல் குடித்தது. வகுத்துப் பாருங்கள், நான்கு நிமிடம் தேறும். விசையைக் குறைத்து ஓட்டினால் ஏழரை நிமிடம் என்று சொல்வதுண்டு.

எஞ்சின் இயங்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். மின் மோட்டார் ஒன்று டர்பைனைச் சுற்றிவிடும். சிறிதளவு டி-ஸ்டாஃப் வினையூக்கிக் கற்கள் நிரம்பிய அறைக்குள் போய் நீராவியும் ஆக்சிஜனுமாக உடையும். அந்த ஆவி டர்பைனைத் தானே ஓட்ட, டர்பைன் இரண்டு திரவங்களின் பம்புகளையும் ஓட்டும். விசைக் கைப்பிடிக்கு நிறுத்தம், மந்த ஓட்டம், பிறகு மூன்று படிகள். இதில் இரண்டு இடத்தில் கோளாறு வரும். ஒன்று, முழு விசையில் செங்குத்தாக ஏறி மேலே போய் மூக்கைத் தாழ்த்தி மட்டமாக்கும்போது டேங்கில் உள்ள திரவம் மேலே தூக்கி, உறிஞ்சும் வாயில் காற்று புகும். ஓட்டம் அறுந்ததும் எஞ்சின் அணையும். இரண்டு, மூன்றாம் படியிலிருந்து சட்டென்று குறைத்தாலும் அணைந்துவிடும். மறுபடி பற்றவைக்க இரண்டு நிமிடம்போல் காத்திருக்க வேண்டும், அறைக்குள் தேங்கிய திரவம் வெடிக்காமலிருக்க. நான்கு நிமிட எஞ்சினில் இரண்டு நிமிடக் காத்திருப்பு என்றால் தாக்குதல் முடிந்த மாதிரிதான். மின்சாரத்துக்கு இந்த எஞ்சினை நம்ப முடியாது என்பதால் மூக்கு நுனியில் ஒரு சின்னக் காற்றாடி ஜெனரேட்டர். படங்களில் கோமெட்டின் மூக்கில் தெரியும் பொம்மை விசிறி அதுதான்.

அடுத்து சக்கரம். எடையை மிச்சம்பிடிக்க லிப்பிஷ் குழு சக்கரத்தை விமானத்தோடு வைக்கவில்லை. இரண்டு சக்கரமுள்ள ஒரு வண்டியின் மேல் விமானம் உட்கார்ந்திருக்கும். கிளம்பியதும் வண்டியைக் கழற்றிவிட வேண்டும். இறங்குவது வயிற்றுக்கடியில் உள்ள சறுக்குக்கட்டையில். காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில், வண்டிக்கு பிரேக் கிடையாது, ஓட்டத்தின் தொடக்கத்தில் திசை திருப்ப வால் சக்கரம் மட்டும். எனவே காற்றுக்கு நேர் எதிரே கிளம்ப வேண்டும். பக்கக் காற்றில் விமானம் இழுத்துக்கொண்டு போய்விடும். தரையை விட்டதும் 5 முதல் 10 மீட்டர் உயரத்துக்குள் கழற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் வண்டி விழுந்து உடையும். அதற்குக் கீழே விட்டால் ரப்பர் சக்கரம் தரையில் மோதித் துள்ளி விமானத்தின் வயிற்றிலேயே அடிக்கும், அதுவும் டி-ஸ்டாஃப் குழாய்கள் போகும் இடத்தில். வண்டியைக் கழற்றுவதும் கட்டையை மேலே இழுப்பதும் ஒரே அசைவில் நடக்கும். அதனாலேயே இறங்குமுன் கட்டையை மறுபடி இறக்க மறந்தால் ஹைட்ராலிக் அதிர்வுதாங்கி வேலை செய்யாது. தரையின் அடி முழுக்க விமானியின் முதுகெலும்புக்கு. டிட்மாரே இப்படியொரு கடினமான இறக்கத்தில் முதுகெலும்பு அடிபட்டு நெடுங்காலம் மருத்துவமனையில் கிடந்தார்.

வண்டி கழலாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1942 அக்டோபர் 30 காட்டியது. ரேகன்ஸ்பர்க் அருகே ஓபர்ட்ராவ்ப்ளிங்கில் சோதனை விமானி ஹன்னா ரைட்ஷ் எஞ்சினில்லாத பி மாதிரி ஒன்றை இழுவையில் ஓட்டினார். வண்டி ஒட்டிக்கொண்டு விமானம் முழுக்க நடுங்கியது. கழற்ற முடியாமல் இறங்கியபோது ஓடுதளத்துக்கு எட்டாமல் வயலில் மோதினார். முகம் குறிபார்க்கும் கருவியில் அடித்து, மண்டையோட்டில் பல முறிவுகள், மாதக்கணக்கில் சிகிச்சை. எரிபொருள் ஒரு சொட்டும் இல்லாத விமானத்தில் நடந்தது இது.

1943 ஆகஸ்ட் 17 இரவு பிரிட்டிஷ் விமானப்படை பேனமுண்டேவைக் குண்டுவீசித் தாக்கியதும், பிரிவு வடமேற்கு ஜெர்மனியில் ஓல்டன்பர்க் அருகே பாட் ஸ்விஷனான் விமானதளத்துக்கு மாறியது. ஈகே 16இன் உண்மையான வேலைக்களம் இதுதான். இங்கிருந்து இரண்டு பொறுப்பு: பி மாதிரியின் குறைகளைக் கண்டுபிடிப்பது, வரப்போகும் போர்ப்படைக்கு விமானிகளைத் தயார்செய்வது.

பயிற்சித் திட்டம் நன்றாக யோசித்துப் போட்டது. முதலில் சாதாரண க்ருனாவ் பேபி கிளைடர். பிறகு ஹாபிஷ்ட் என்ற சாகசக் கிளைடர், இறக்கை அகலம் 13.6 மீட்டர். அதே கிளைடரின் இறக்கையை 8 மீட்டராகவும், அடுத்து 6 மீட்டராகவும் வெட்டிக் குறுக்கியிருந்தார்கள். இறக்கை குறையக் குறைய இறங்கும் வேகம் கூடும், தரையைத் தொடுமுன் யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறையும். ஒரே விமானி ஒரே மாதிரிக் கருவியில் படிப்படியாக வேகத்துக்குப் பழக இதைவிட மலிவான வழி இல்லை. அதற்குப் பிறகு மெ 163 ஏ, முதலில் எஞ்சினில்லாமல் பிஎஃப் 110 இழுவையில். அடுத்து 750 கிலோ விசையுள்ள பழைய 'குளிர்' எஞ்சினோடு. அந்த எஞ்சினில் டி-ஸ்டாஃபைப் பெர்மாங்கனேட் கரைசல் உடைக்கும், நெருப்பு கிடையாது. கரைசல் துளைகளை அடைத்துக்கொள்ளும் என்பது அதன் தனிச் சள்ளை. கடைசியில் பி மாதிரி: டேங்குகளில் எரிபொருளுக்குப் பதில் தண்ணீர் நிரப்பி, எடை கூடும்போது விமானம் எப்படி இறங்குகிறது என்று பார்த்துவிட்டு, பிறகுதான் எஞ்சினோடு.

பறப்பதில் விமானிகளுக்குப் புகாரே இல்லை. முன்விளிம்பில் நிலையான துளைப்பட்டைகள் இருந்ததால் சுழன்று விழாது, கட்டுப்பாடுகள் லேசு. இறங்குவதுதான் வித்தை. எஞ்சின் இல்லை, எனவே தப்பினால் மறுசுற்று இல்லை. மணிக்கு 220 கிலோமீட்டர்போல வந்து, 160 சுமாரில் தொட வேண்டும். தரைக்கு அருகில் வந்ததும் அகன்ற இறக்கைக்கடியில் காற்று அமுங்கி விமானம் மிதந்துகொண்டே போகும்; புதியவர்கள் தளத்தின் கடைசிவரை மிதந்து வேலியைத் தாண்டிவிடுவார்கள். அதற்குப் பயந்து முன்னதாகவே தாழ்ந்தால் தளத்துக்கு எட்டாது. தொட்டபிறகு திசை திருப்பக் கருவி ஏதும் இல்லை. மேடுபள்ளத்தில் கவிழ்ந்தால் டேங்கில் மிச்சமிருக்கும் சில லிட்டர் டி-ஸ்டாஃப் போதும். நின்றுவிட்ட விமானம் தானாக நகராது; ஷோய்ஷ் என்ற மூன்றுசக்கர டிராக்டர் தன் இழுவண்டியோடு வந்து தூக்கிப் போனால்தான் உண்டு. அதுவரை திறந்த தளத்தில் அசையாமல் கிடக்க வேண்டும். எதிரியின் முஸ்டாங் போர்விமானங்கள் பின்னாளில் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன.

உடலுக்கும் தனிப் பயிற்சி. விமானி அறையில் காற்றழுத்த ஏற்பாடு இல்லை, மூன்றரை நிமிடத்தில் 12,000 மீட்டர். அழுத்தம் அவ்வளவு வேகமாக விழும்போது குடலில் உள்ள வாயு விரியும். வயிற்றுவலியில் ஆள் மடங்கிவிடுவார். எனவே விமானிகளைத் தாழ்வழுத்த அறையில் ஏற்றி இறக்கிப் பழக்கினார்கள். பீன்ஸ், முட்டைக்கோஸ் மாதிரி வாயு உண்டாக்கும் பண்டங்களை நீக்கிய தனிச் சாப்பாடு. டி-ஸ்டாஃபில் கரையாத, பற்றாத செயற்கை இழையில் தைத்த முழு உடுப்பு கொடுத்தார்கள். ஒரு துளி தெறித்தால் அது காப்பாற்றும். டேங்க் உடைந்து கொட்டினால் தையல் வழியே உள்ளே இறங்கிவிடும்.

1943 நவம்பர் 30 அன்று அலோயிஸ் வோர்ண்ட்ல் ஏ மாதிரியில் இறங்கும்போது விமானம் கவிழ்ந்து வெடித்து இறந்தார். சரியாக ஒரு மாதத்தில், டிசம்பர் 30 அன்று யோசஃப் போஸ். 43 விமானங்களை வீழ்த்தியவர், கற்றுக்குட்டி அல்ல. வண்டியைக் கொஞ்சம் முன்னதாக விட்டார், அது துள்ளி வயிற்றில் அடித்தது, எஞ்சின் நின்றது. திரும்பி இறங்க முயன்றபோது இறக்கை ஒரு கோபுரத்தில் உரசி விமானம் விழுந்தது. டி-ஸ்டாஃப் அவர்மேல் கொட்டியது. விதிப்புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த ஆபத்துதான் இது. தெரிந்திருந்தும் தடுக்க முடியாததற்குக் காரணம் எளிது. சக்கரத்தை விமானத்தோடு வைத்தால் எடை கூடும், எடை கூடினால் எரிபொருள் குறையும், எரிபொருள் குறைந்தால் விமானத்துக்கே அர்த்தம் இல்லை. ஈகே 16 எழுதிய குறைகளில் முக்கியமானவை எல்லாம் இப்படி வடிவமைப்பின் வேரிலேயே இருந்தன. உள்மடங்கும் சக்கரம், பெரிய டேங்க், சிக்கனமாக ஓட இரண்டாவது சிறு எரியறை ஆகிய தீர்வுகள் ஜு 248 என்ற அடுத்த வடிவத்தில்தான் வந்தன. அது போருக்கு வரவே இல்லை.

1944 ஜனவரியில் இந்தப் பிரிவிலிருந்து பிரித்து முதல் போர்ப் பிரிவை அமைத்தார்கள். அது பின்னர் ஜேஜி 400 ஆகி, முதலில் விட்மண்ட்ஹாஃபனுக்கும், ஜூலையில் லைப்ஸிக் அருகே பிராண்டிஸுக்கும் போயிற்று. ஈகே 16இன் முதல் போர்ப் பறப்பு மே 13 அன்று. ஷ்பேட்டேயே போனார். மெக்கானிக்குகள் அவர் விமானத்தை முழுக்கச் சிவப்பாகச் சாயம் பூசி வைத்திருந்தார்கள், முதல் உலகப்போரில் சிவப்பு விமானம் ஓட்டிய ரிஷ்டோஃபன் நினைவாக. ஷ்பேட்டே அதை ரசிக்கவில்லை என்பார்கள், நியாயம்தான். யாருக்கும் தெரியாமல் பாய வேண்டிய விமானம். தரையிலிருந்து ரேடார் வழிநடத்த, இரண்டு அமெரிக்கத் தண்டர்போல்ட் போர்விமானங்களை நோக்கிப் போனார். எதிர்பார்த்த இடத்தில் எஞ்சின் அணைந்தது. காத்திருந்து மீண்டும் பற்றவைத்து, அவற்றை நெருங்கிச் சுடும் தூரத்துக்கு வந்தபோது வேகம் எல்லையைத் தொட்டது, இறக்கை சாய்ந்து விமானம் கையை விட்டது. 1941இல் டிட்மார் பார்த்த அதே 0.84தான். அந்த அமெரிக்க விமானிகளுக்கு நடந்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. அந்த மாதம் நடந்த மற்ற முயற்சிகளிலும் எதுவும் விழவில்லை.

சுடுவதில் உள்ள கணக்கையும் இந்த முயற்சிகள் தெளிவாக்கின. கோமெட் மணிக்கு 900 கிலோமீட்டரில் வருகிறது, குண்டுவீச்சு விமானம் 350இல் போகிறது. வித்தியாசம் விநாடிக்கு 150 மீட்டர். இறக்கை வேரில் உள்ள இரண்டு 30 மில்லிமீட்டர் எம்கே 108 பீரங்கிகளுக்குக் குண்டு மெதுவாகப் போகும். 600 மீட்டருக்கு அப்பாலிருந்து சுட்டுப் பயனில்லை. 200 மீட்டரில் விலகாவிட்டால் மோதல். நடுவே கிடைப்பது மூன்று விநாடிக்கும் குறைவு. பீரங்கிக்கு 60 குண்டு வீதம் இருந்தாலும் அந்த நேரத்தில் இரண்டிலுமாக ஐம்பதுபோலத்தான் வெளியே போகும். பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்த நான்கு நேரடி அடி வேண்டும் என்பது ஜெர்மன் கணக்கு. தேர்ந்த குறிகாரர்களால் முடிந்தது, ஆறு மாதப் பயிற்சிப் பையன்களால் முடியவில்லை. இதற்கு மாற்றாக, ஆயுத சோதனைக்கான எர்ப்ரோபுங்ஸ்கொமாண்டோ 25 யேகர்ஃபாவ்ஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: இறக்கை வேர்களில் மேல்நோக்கி நிற்கும் 50 மில்லிமீட்டர் குழாய்கள், குண்டுவீச்சு விமானத்துக்கடியில் பாயும்போது அதன் நிழல் ஒளிமின்கலத்தில் விழ, குழாய்கள் தாமாக வெடிக்கும். 1945 ஏப்ரல் 10 அன்று ஃப்ரிட்ஸ் கெல்ப் அதைப் போரில் பயன்படுத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது.

மே மாதமே ஷ்பேட்டே வேறு படையணிக்குப் போனார். அன்டோன் தாலர் பொறுப்பேற்றார். மே 30 அன்று அமெரிக்கர்கள் பாட் ஸ்விஷனான் தளத்தைக் குண்டுவீசிக் குழிகளாக்கினார்கள். மேடுபள்ளத்தில் கவிழும் விமானத்துக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. பிரிவு இடம் மாறி மாறி, அந்த ஆண்டின் பிற்பகுதியில் பிராண்டிஸ் வந்துசேர்ந்து, 1945 பிப்ரவரியில் கலைந்தது. இதற்குள் ஹைட்ரசீன் ஹைட்ரேட் தட்டுப்பாடு. வி-1 குண்டு ஏவும் தளங்களும் டி-ஸ்டாஃப் கேட்டுக்கொண்டிருந்தன. சுமார் 370 கோமெட்கள் கட்டினார்கள். ஜேஜி 400 வீழ்த்தியது, யார் கணக்கு என்பதைப் பொறுத்து, 9 முதல் 16 விமானங்கள். ஆனால் இந்த எண்ணிக்கையை ஈகே 16 தலையில் கட்டுவது சரியல்ல. வேகம், எல்லை, ஆபத்து மூன்றையும் அவர்கள் 1943 முடியுமுன்பே சரியாகவே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த அறிவு ஆட்களிடம் இருந்தது, வரைபடத்தில் இல்லை என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1944 ஏப்ரலில் ஐ-29 நீர்மூழ்கி கோமெட் ஆவணங்களோடு பிரான்சின் லோரியான் துறையிலிருந்து கிளம்பியது. (முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸை ஏற்றிவந்ததும் இதே ஐ-29தான்.) ஜூலையில் சிங்கப்பூர் வந்தது, அங்கிருந்து இவாயா என்ற அதிகாரி சில ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விமானத்தில் டோக்கியோ போனார். ஜூலை 26 அன்று நீர்மூழ்கி மீதியோடு பிலிப்பைன்ஸுக்கு வடக்கே மூழ்கியது. கிடைத்ததை வைத்து மிட்சுபிஷி கட்டிய ஷூசுயி விமானம் 1945 ஜூலை 7 அன்று முதன்முதலாகக் கிளம்பியது. பாதுகாப்புக்கென்று டேங்கைப் பாதிதான் நிரப்பியிருந்தார்கள். செங்குத்தாக ஏறியதும் திரவம் பின்னால் போய், உறிஞ்சும் வாயில் காற்று புகுந்து, எஞ்சின் அணைந்தது. விமானி இனுசுகா தளத்துக்குத் திரும்ப முயன்று, ஒரு கட்டடத்தில் இறக்கை உரசி விழுந்து, மறுநாள் இறந்தார்.